எடை தூக்கினால் உடம்பு இறுகிவிடுமா? தசை, நெகிழ்வு, விளையாட்டுத் திறன் பற்றித் தொடங்குபவர்களுக்கு

வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றபோது ஸ்னாட்சில் தூக்கியது 149 கிலோ. தன் உடல் எடையைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தரையில் கிடக்கும் பார்பெல்லை ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோவதுதான் ஸ்னாட்ச். பார் மேலே எழும்பும் அந்தச் சிறு நேரத்துக்குள் வீரர் அதன் அடியில் புகுந்து, முழு ஆழத்துக்கு உட்கார்ந்து, கைகளை நேராக நீட்டி அதைத் தாங்க வேண்டும். குதிகால் எழக்கூடாது, நெஞ்சு முன்னால் கவிழக்கூடாது. கணுக்கால், இடுப்பு, மேல்முதுகு, தோள் இந்த நான்கில் ஒன்று மடங்க மறுத்தாலும் பார் கீழே விழும்.

இவ்வளவு தசையும் இவ்வளவு நெகிழ்வும் இவ்வளவு வேகமும் ஒரே உடம்பில், ஒரே நொடியில் வேலை செய்கின்றன. ஆனாலும் எடை தூக்கினால் உடம்பு இறுகும், ஓட்டம் மந்தமாகும் என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். சில விளையாட்டுத் திடல்களிலும் சொல்கிறார்கள். அந்தப் பயத்தால் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் பலம் சேர்க்க வேண்டிய வயதில் சேர்க்காமலே போகிறார்கள்.

இந்தப் பயம் பழையது. அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்த பீட்டர் கார்ப்போவிச்சும் எடைப் பயிற்சி உடம்பை மந்தமாக்கும் என்றுதான் நம்பினார். 1940 இல் அந்தக் கல்லூரிக்கு வந்து செய்துகாட்டிய உடற்கட்டு வீரர் ஜான் கிரிமெக், அவ்வளவு பெரிய தசைகளோடு முதுகின் நடுவே தன் கையாலேயே சொறிந்துகாட்டினார், கால்களை அகல விரித்துத் தரையோடு உட்கார்ந்தார். கார்ப்போவிச் அதைப் பார்த்து வியந்ததோடு நிற்கவில்லை. எடை தூக்கும் 300 பேரையும் தூக்காத 300 பேரையும் எடுத்து, ஒரு கைப்பிடியை எவ்வளவு வேகமாகச் சுழற்றுகிறார்கள் என்று அளந்தார். 1951 இல் வெளியான முடிவு: எடை தூக்குபவர்களின் கைதான் வேகமாகச் சுழன்றது.

தசை அளவு ஒன்று, பலம் வேறொன்று

தசையின் குறுக்குவெட்டுப் பரப்பு கூடினால் அது கொடுக்கக்கூடிய இழுவிசையும் கூடும். ஆனால் எவ்வளவு விசை உண்மையில் வெளியே வருகிறது என்பதை நரம்பு மண்டலம் முடிவு செய்கிறது: எத்தனை தசை இழைகளை ஒரே நேரத்தில் எழுப்புகிறது, எவ்வளவு வேகமாகத் தூண்டுகிறது, எதிர்ப்புறத் தசையை எவ்வளவு தளர்த்துகிறது. புதிதாகத் தொடங்குபவர் முதல் ஒன்றிரண்டு மாதங்களில் ஸ்குவாட்டில் (எடையோடு உட்கார்ந்து எழுவது) 30 கிலோவிலிருந்து 50 கிலோவுக்குப் போவார், கண்ணாடியில் பெரிய மாற்றம் தெரியாது. அது பெரும்பாலும் நரம்புகள் கற்றுக்கொண்ட பலம். கண்ணுக்குத் தெரியும் தசைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். இது தெரியாமல் ஆறாவது வாரத்தில் 'ஒன்றும் ஏறவில்லை' என்று விட்டுவிடுபவர்கள் ஏராளம்.

விளையாட்டில் இன்னொரு கணக்கும் சேர்கிறது: நேரம். முழு விசையை எட்டத் தசைக்கு 0.3 நொடி அல்லது அதற்கு மேல் வேண்டும். உச்ச வேகத்தில் ஓடும் ஓட்டக்காரரின் கால் தரையில் இருப்பது ஏறத்தாழ 0.1 நொடிதான். ஆகவே மெதுவாக 150 கிலோ தூக்க முடிகிற காலும், 0.1 நொடிக்குள் எவ்வளவு தள்ளுகிறது என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும். கனமான எடை உச்ச பலத்தைக் கூட்டும். அதை வேகமாக வெளிக்கொண்டுவரத் தாவல், குறுகிய ஓட்டம், மெடிசின் பால் (கனமான பந்து) எறிதல் போன்றவை வேண்டும். எடைப் பயிற்சி மட்டும் செய்துவிட்டு ஓட்ட வேகம் தானாக வரும் என்று காத்திருப்பவர் ஏமாறுவார். அந்த ஏமாற்றம்தான் பிறகு 'வெயிட் தூக்கியதால் ஸ்லோ ஆகிவிட்டேன்' என்ற பேச்சாக மாறுகிறது.

எடை நெகிழ்வைக் கூட்டும் வழி

ஒரு மூட்டு எவ்வளவு தூரம் அசைய முடியும் என்பதை வீச்சு என்று வைத்துக்கொள்வோம். வேறொருவர் பிடித்துத் தள்ளினால் கிடைக்கும் வீச்சு ஒரு அளவு. உங்கள் தசைகளே இழுத்துக் கொண்டுபோய் அங்கே நிறுத்தக்கூடிய வீச்சு இன்னொரு அளவு. அது எப்போதும் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஆட்டத்தில் பயன்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது அளவுதான். இரண்டுக்கும் நடுவே இடைவெளி பெரிதாக இருந்தால், அந்தக் கடைசிப் பகுதியில் கட்டுப்பாடு இல்லை என்று பொருள்.

வீச்சு எப்படிக் கூடுகிறது? முதலில் மாறுவது தசையின் நீளம் அல்ல, மூளையின் பொறுமை. தசை நீளும்போது 'போதும், நிறுத்து' என்று எழும் உணர்வு, பழகப் பழகத் தாமதமாக எழுகிறது. சில வாரம் ஸ்ட்ரெச்சிங் செய்து கை தரையைத் தொட ஆரம்பித்தால், அதில் பெரும்பங்கு இந்தச் சகிப்புத்தன்மைதான்.

இரண்டாவது மாற்றம் தசையின் அமைப்பிலேயே நடக்கிறது. தசை இழைக்குள் சார்கோமியர் என்னும் சுருங்கும் அலகுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 400 அடங்கும். நீண்ட நிலையில் தசைக்குச் சுமை கொடுத்தால், குறிப்பாக எடையை மெதுவாக இறக்கும்போது, ரயிலில் பெட்டி சேர்ப்பதுபோல் இந்த வரிசையில் புது அலகுகள் சேர்கின்றன. இழை நீள்கிறது. நீண்ட இழை நீண்ட நிலையிலும் பலமாக இழுக்கும், வேகமாகவும் சுருங்கும். முழங்காலிட்டுக் கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்தபடி மெல்ல முன்னால் சாயும் நார்டிக் பயிற்சி பின்தொடைத் தசையில் இதைத்தான் செய்கிறது. அதைத் தொடர்ந்து செய்யும் கால்பந்து அணிகளில் பின்தொடைக் காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததை ஆய்வுத் தொகுப்புகள் காட்டியிருக்கின்றன.

எடைப் பயிற்சியையும் ஸ்ட்ரெச்சிங்கையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டி 2021 இல் வெளியான தொகுப்பாய்வில், வீச்சைக் கூட்டுவதில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஒரு மணி நேரம் மட்டுமே ஜிம்மில் செலவிட முடிகிறவருக்கு இது பெரிய நல்ல செய்தி: சரியாகச் செய்தால் ஒரே வேலையில் பலமும் வீச்சும் கிடைக்கும்.

இறுக்கம் உண்மையிலேயே வரும் இடங்கள்

சரியாகச் செய்யாவிட்டால் கிடைக்காது. பழக்கிய வீச்சில்தான் உடம்பு பலம் சேர்க்கும். ஸ்குவாட்டில் கால்வாசி இறங்கி எழுபவருக்கு அந்தக் கால்வாசியில்தான் பலம் வரும். மல்லாந்து படுத்துப் பாரை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் பார் நெஞ்சுக்கு ஒரு சாண் மேலேயே திரும்பினால் நெஞ்சுத் தசை நீண்ட நிலையைப் பார்ப்பதே இல்லை. வாரம் நான்கு நாள் நெஞ்சும் பைசெப்ஸும் (மேல்கையின் முன்தசை), முதுகுக்கு மாதம் ஒரு நாள் என்று போனால் தோள் முன்னால் உருண்டு நிற்பதில் வியப்பில்லை. அதோடு எட்டு மணி நேர நாற்காலி வேலையும் சேர்ந்தால், பழி மட்டும் டம்பெல்மேல் விழுகிறது.

தசைவலியும் ஒரு காரணம். புதுப் பயிற்சிக்குப் பின் 24 முதல் 72 மணி நேரத்தில் வலியும் லேசான வீக்கமும் உச்சத்துக்குப் போகும். அப்போது கை முழுசாக நீளாது, மாடிப்படி இறங்கக் கஷ்டமாக இருக்கும். இது தற்காலிகம். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு புதிய பயிற்சி எதையும் தொடங்கக்கூடாது என்பதற்குக் காரணமும் இதுதான்.

தசையின் பருமனே வீச்சைத் தடுப்பதும் உண்டு, ஆனால் சில மூட்டுகளில்தான். பைசெப்ஸ் மிகப் பெரிதானால் முழங்கையை மடக்கும்போது முன்கை அதில் இடிக்கும். நெஞ்சும் மேல்கையும் மிகப் பருத்தவருக்குக் கையை உடம்பின் குறுக்கே கொண்டுபோவது குறையும். பல வருடம் அதற்கென்றே உழைக்கும் உடற்கட்டு வீரர்களுக்கு வரும் பிரச்சினை இது. மூன்று மாதமாக ஜிம்முக்குப் போகிறவர் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையே இல்லை.

முதலில் மூன்று சோதனை

கணுக்காலுக்கு: செருப்பில்லாமல் சுவரைப் பார்த்து நின்று, ஒரு காலின் பெருவிரல் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கும்படி வையுங்கள். குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா? முடிந்தால் ஆழமான ஸ்குவாட்டுக்குக் கணுக்கால் தடையாக இருக்காது. 6, 7 செ.மீ.யிலேயே நின்றுவிட்டால் ஸ்குவாட்டில் குதிகால் எழுவதற்கும் நெஞ்சு கவிழ்வதற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. இடுப்பை எவ்வளவு நீட்டினாலும் பயனில்லை. இரண்டு காலுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்றும் பாருங்கள்.

பின்தொடைக்கு: மல்லாந்து படுத்து, முழங்கால் மடங்காமல் ஒரு காலைத் தானாக உயர்த்துங்கள். பிறகு பாதத்தில் ஒரு துண்டைப் போட்டுக் கையால் இழுத்து எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். துண்டோடு நேராக நிற்கிற கால், துண்டில்லாமல் பாதியிலேயே நின்றால், உங்களுக்கு வேண்டியது இன்னும் ஸ்ட்ரெச்சிங் அல்ல. காலை உயர்த்தும் இடுப்பு முன்தசைகளுக்குப் பலம்.

தோளுக்கு: முதுகும் பின்தலையும் சுவரில் ஒட்ட நின்று, கீழ்முதுகு வளையாமல் இரண்டு கைகளையும் நேராக மேலே தூக்கிக் கட்டைவிரலால் சுவரைத் தொடப் பாருங்கள். தொட முடியாதவர் தலைக்கு மேல் கனமாகத் தூக்கும்போது அந்தக் குறையைக் கீழ்முதுகை வளைத்து ஈடுசெய்வார். வலி முதுகில் வரும், காரணம் தோளில் இருக்கும்.

முழு வீச்சில் பயிற்சி

வாரம் மூன்று நாள் போதும். ஒவ்வொரு பெரிய தசைத் தொகுதிக்கும் வாரத்தில் மொத்தம் பத்து செட் (ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று) வருகிற மாதிரி மெல்ல ஏறுங்கள். முதல் மாதத்தில் ஐந்தாறு செட்டே நல்ல பலன் தரும். ஒரு செட்டில் 6 முதல் 12 தடவை. இன்னும் இரண்டு தடவை செய்ய முடியும் என்கிற நிலையில் நிறுத்துங்கள். செட்டுகளுக்கு நடுவே இரண்டு, மூன்று நிமிடம் ஓய்வு. எடையை இரண்டு, மூன்று நொடி எடுத்து இறக்கி, கீழே ஒரு நொடி நின்று, பிறகு வேகமாக ஏற்றுங்கள். கீழே நிற்கிற அந்த ஒரு நொடியை விட்டுவிடாதீர்கள். துள்ளி எழுபவருக்கு அடிநிலையில் தசை வேலை செய்வதில்லை, தசைநாணின் துள்ளல்தான் தூக்குகிறது.

ஸ்குவாட்டைக் கோப்லெட் முறையில் தொடங்குவது நல்லது. 8 முதல் 12 கிலோ டம்பெல்லை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்து, முழங்கால்கள் பாதவிரல் போகும் திசையிலேயே போகும்படி, முழங்கைகள் தொடைகளுக்கு நடுவே வரும்வரை இறங்குங்கள். முன்னால் இருக்கும் எடை உடம்பைச் சமன் செய்வதால் வெறும் உடம்போடு முடியாத ஆழம் இதில் கிடைக்கும். குதிகால் எழுந்தால் அதன் அடியில் ஒன்றிரண்டு செ.மீ. உயரத்துக்குப் பலகை வையுங்கள். அதில் தவறேதுமில்லை, எடைதூக்கும் காலணிகளிலேயே குதிகால் உயரம்தான். கூடவே கணுக்காலுக்கும் வேலை கொடுங்கள்: படிக்கட்டின் விளிம்பில் முன்பாதம் வைத்து நின்று, குதிகால் படிக்குக் கீழே முழுசாக இறங்கியதும் இரண்டு நொடி நின்று ஏறுவது, 12 தடவை, மூன்று செட். அடியில் கீழ்முதுகு லேசாக உருள்வது பலருக்கு இயல்பு. கனம் ஏறும்போது அது பெரிதாக உருண்டால், அதற்கு முந்தைய ஆழத்தில் நின்றுகொள்ளுங்கள்.

பின்தொடைக்கு ரொமேனியன் டெட்லிஃப்ட்டைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை என்று தயங்காமல் சொல்லலாம். முழங்கால் சற்றே மடங்கி அப்படியே இருக்க, பிட்டத்தைப் பின்னால் தள்ளி, பார் தொடையை உரசியபடி இறங்க வேண்டும். பின்தொடையில் இழுப்பு தெரியும். முதுகு உருளத் தொடங்கும் புள்ளிக்கு முன் நின்று திரும்புங்கள். முதல் வாரம் அது முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கலாம், இரண்டு மாதத்தில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவரை வரும். தொடங்குபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு பாரைத் தரைக்குக் கொண்டுபோக நினைப்பது. இலக்கு தரை அல்ல, பிட்டம் எவ்வளவு பின்னால் போகிறது என்பது.

ஜிம் மெஷின்களிலும் தேர்வு இருக்கிறது. உட்கார்ந்து செய்யும் லெக் கர்ல் (முழங்காலை மடக்கிச் சுமையை இழுப்பது), குப்புறப் படுத்துச் செய்வதைவிடப் பின்தொடையை அதிகம் வளர்க்கிறது. 12 வாரம் நடந்த ஒரு ஜப்பானிய ஆய்வில் உட்கார்ந்து செய்த காலில் தசை 14 சதவீதமும், படுத்துச் செய்த காலில் 9 சதவீதமும் கூடியது. உட்காரும்போது இடுப்பு மடங்கியிருப்பதால் தசை நீண்ட நிலையில் சுமை வாங்குகிறது. ட்ரைசெப்ஸுக்கும் (மேல்கையின் பின்தசை) இதே கதைதான். கையைத் தலைக்கு மேல் வைத்துச் செய்வது பக்கவாட்டில் வைத்துச் செய்வதை முந்துகிறது.

தள்ளும் பயிற்சிக்குச் சமமாக இழுக்கும் பயிற்சி வேண்டும். குனிந்து நின்று டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுக்கும் டம்பெல் ரோவில் ஒவ்வொரு தடவையும் கை முழுசாக நீண்டு, தோள்பட்டை எலும்பு முன்னால் வழுகி வரட்டும். தோள் மேலே போகாதவர்கள் கம்பியில் 20, 30 நொடி வெறுமனே தொங்குவதையும், 6 கிலோ டம்பெல்லோடு புல்ஓவரையும் (மல்லாந்து படுத்து எடையைத் தலைக்குப் பின்னால் இறக்கி ஏற்றுவது) சேர்க்கலாம். நம் உடற்பயிற்சிக் கூடங்களில் பழங்காலமாக இருக்கும் கர்லாக்கட்டை தோளை எல்லாத் திசையிலும் சுமையோடு சுழற்றுகிறது. தண்டால் முதுகெலும்பையும் தோளையும், பஸ்கி இடுப்பையும் முழங்காலையும் முழு வீச்சில் கொண்டுபோகின்றன. இவற்றை வார்ம்-அப்பில் சேர்ப்பவருக்குத் தனியாக வேறு எதுவும் பெரிதாகத் தேவைப்படாது.

எல்லாச் செட்டிலும் குறித்த தடவையை அதே ஆழத்தில் முடித்தால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டுங்கள். நோட்டில் எடையோடு ஆழத்தையும் எழுதுங்கள். 60 கிலோ முழு ஆழம் என்பதும் 80 கிலோ பாதி ஆழம் என்பதும் முன்னேற்றம் ஆகாது, இரண்டும் வேறு வேறு பயிற்சி.

ஸ்ட்ரெச்சிங் எப்போது

பயிற்சிக்கு முன் ஐந்து நிமிடம் உடம்பு சூடேறும்படி நடை அல்லது சைக்கிள், பிறகு கால் வீச்சு, கை சுழற்சி, பிறகு வெறும் பாரோடு பத்து தடவை, பாதி எடையில் ஐந்து, முக்கால் எடையில் மூன்று. இதுவே போதிய தயாரிப்பு. ஒரு தசையை 60 நொடிக்கு மேல் அசையாமல் நீட்டிப் பிடித்துவிட்டு உடனே கனம் தூக்கினாலோ தாவினாலோ பலம் சில சதவீதம் குறைகிறது. 30 நொடிக்குள் என்றால் பாதிப்பு அநேகமாகப் புலப்படாது. ஆகவே நீண்ட நேரப் பிடிப்புகளைப் பயிற்சிக்குப் பிறகோ வேறு நேரத்திலோ வையுங்கள். ஒரு தசைக்கு வாரத்தில் மொத்தம் ஐந்து நிமிடமாவது வரவேண்டும்: 30 நொடி வீதம் இரண்டு முறை, வாரத்தில் ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரை மணி நேரம் நீட்டுவதைவிட இது பலன் தரும்.

தசை எடை ஏறுவது யாருக்கு நல்லது

குண்டு எறிபவருக்கும், எதிராளியைப் பிடித்து நிறுத்துகிற ஆட்டக்காரருக்கும் உடல் எடை ஆயுதம். உயரம் தாண்டுபவருக்கும் நெடுந்தூர ஓட்டக்காரருக்கும் ஒவ்வொரு கிலோவும் சுமந்து செல்ல வேண்டிய பாரம். 70 கிலோ எடையில் 140 கிலோ ஸ்குவாட் செய்பவர் 78 கிலோ ஆனால், அதே விகிதத்தைக் காப்பாற்ற 156 கிலோ தூக்க வேண்டும். அந்த 16 கிலோ வராமல் உடம்பு மட்டும் ஏறியிருந்தால் தாவல் குறையும்.

உடம்பு பெரிதாகப் பெரிதாக ஒரு கிலோவுக்கான பலம் குறைவது இயற்கை. எடை மூன்று திசையிலும் கூடுகிறது, தசையின் குறுக்குவெட்டு இரண்டு திசையில்தான் கூடுகிறது. 1988 சோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் துருக்கியின் நயிம் சுலைமானோக்லு கிளீன் அண்டு ஜெர்க்கில் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல் என இரண்டு கட்டமாகத் தூக்குவது) தூக்கிய 190 கிலோ அவர் எடையில் மூன்று மடங்குக்கு மேல். 2021 இல் அதே முறையில் உலக சாதனையாக ஜார்ஜியாவின் லாஷா தலாகாட்ஸே தூக்கிய 267 கிலோ, 170 கிலோவைத் தாண்டிய அவர் எடையில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. எடை வரம்பு உள்ள கபடி, மல்யுத்தம், குத்துச்சண்டை ஆடுபவர்கள் பருமனைவிடப் பலத்தைத் தேட வேண்டும்: குறைந்த தடவை, அதிக எடை, நீண்ட ஓய்வு.

தசை சேர்க்க நினைப்பவர் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 1.6 கிராம் புரதம் சாப்பிட வேண்டும். 70 கிலோவுக்கு 112 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். சாதமும் சாம்பாரும் மட்டும் கொண்டு அந்தக் கணக்கு நிறையாது. முட்டை, மீன், கோழி, தயிர், சுண்டல், சோயா என்று மூன்று வேளைக்கும் பிரித்து வைக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக்கூடாது.

எங்கே நிறுத்த வேண்டும்

நெகிழ்வு எவ்வளவு கூடினாலும் நல்லது என்பதும் தவறு. ஓட்டத்தில் குதிகால் தசைநாண் விறைப்பாக இருந்தால்தான் ஒவ்வொரு அடியின் ஆற்றலையும் சேமித்துத் திருப்பித் தரும். உங்கள் ஆட்டம் கேட்கும் வீச்சும், அதற்கு மேல் கொஞ்சம் கையிருப்பும் போதும்.

மூட்டு எலும்பின் அமைப்பை எந்த நெகிழ்வுப் பயிற்சியும் மாற்றாது. இடுப்புக் குழியின் ஆழமும் தொடை எலும்பின் திருப்பமும் ஆளுக்கு ஆள் வேறு. ஆழமாக உட்காரும்போது தொடையின் பின்புறம் இழுத்தால் அது தசை, பழக்கலாம். இடுப்பின் முன்மடிப்பில் கிள்ளுவதுபோல் வலித்தால் எலும்பு இடிக்கிறது என்று வைத்துக்கொண்டு, கால்களைச் சற்று அகலமாகவும் பாதத்தை வெளிப்புறமாகவும் வைத்துப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் அந்த ஆழம் உங்களுக்கானது அல்ல. மரத்துப்போதல், மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு நரம்பின் அறிகுறி. அங்கே அழுத்தி நீட்டினால் மோசமாகும்.

கட்டைவிரல் முன்கையைத் தொடும் அளவு வளைகிறவர்கள், முழங்கையும் முழங்காலும் நேர்கோட்டைத் தாண்டிப் பின்னால் வளைகிறவர்கள் சிலர் உண்டு. எல்லோரும் அவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். இவர்களுக்கு மேலும் ஸ்ட்ரெச்சிங் வேண்டாம். மூட்டை அந்தக் கடைசிப் புள்ளிவரை விடாமல், அதற்குச் சற்று முன்னால் நிறுத்தி, மெதுவான வேகத்தில், எடையோடு பழக வேண்டும். தோளோ முழங்கால் சில்லோ ஒரு முறையாவது நழுவியிருந்தால் பார்பெல்லைத் தொடுமுன் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.